முதலில் சொன்ன பலன்

சீனக்குடா, வரிசையிலிருந்து
16.06.2022

அன்பு மருமகள் றிஷானாவுக்கு, மாமா ஜவ்பர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். பெற்றோல் முடியும் என்று சொன்னேன், முடிந்தது. கரண்ட் போகும் என்று சொன்னேன், போனது. பால்மாவைக் கடைக்காரர் மேசைக்குக் கீழே ஒளித்து வைத்து விற்கும் காலம் வரும் என்று உன் உம்மாவின் கல்யாண வீட்டிலேயே சொன்னேன். அன்று எல்லாருடைய கவனமும் புரியாணியில் இருந்தது. நீ மருத்துவிச்சிப் பயிற்சிக்குக் கண்டிக்குப் போன அன்றும் பஸ்ஸடியில் வைத்துச் சொன்னேனே, "மகள், அங்க போனா உனக்கு நித்திரை வராது" என்று. நீ சிரித்தாய். இப்போது யார் சொன்னது சரி?

அதற்காக நீ என்னை வட்ஸ்அப்பில் பூட்டி வைத்தது சரியில்லை. நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

உன் குரல் பதிவு வந்தபோது நான் சீனக்குடாப் பக்கம் பெற்றோல் வரிசையில் இருந்தேன். ஒன்பதாம் திகதி அஸர் தொழுதுவிட்டு ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தியவன், இன்றைக்கும் அங்கேதான். "மாமா, மூண்டு கிழமையா நித்திரை இல்ல, கண்ண மூடினா கெட்ட கனவு, படிச்சதெல்லாம் மறக்குது, எனக்கு ஏலாது" என்று நீ அழுததைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பதறினால் மனிதன் நாலு பேரிடம் யோசனை கேட்பான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னால் நேரம் போகும் என்றுதான் ஆட்டோவின் ஸ்பீக்கரில் போட்டேன். அந்த ஸ்பீக்கர் பெரியதாக இருப்பது என்னுடைய பிழையா?

எழுபத்திரண்டு பேர் கேட்டார்கள். எழுபத்திரண்டு பேரும் மருந்து சொன்னார்கள். சாதிக்காய் என்றார்கள், சுடுபால் என்றார்கள், உச்சந்தலையில் நல்லெண்ணெய் என்றார்கள். கல்யாணம் என்று சொன்னவர்கள் மட்டும் பதினொரு பேர். உன் அறையில் இருக்கும் மக்டலினுக்கு ஒரு அண்ணன், பெயர் பற்றிக். அவன் எனக்கு ஆறு வண்டி தள்ளி நின்றதை நான் மறந்துபோனேன். அரை மணித்தியாலத்தில் கதை கண்டிக்கு வந்துவிட்டது. பெற்றோல் இல்லாத நாட்டில் அது மட்டும் எதில் ஏறி வந்ததோ தெரியாது.

கெட்ட கனவுக்கு நீ பயப்படாதே. இங்கே வரிசையில் கனவு காணாத ஆள் இல்லை. முன்பெல்லாம் இவர்கள் கனவு கண்டால் மறந்துவிடுவார்கள். இப்போது கதிரையில் குந்தியிருந்தும் வண்டிக்குள் சுருண்டும் கிடப்பதால் ஒவ்வொருவனும் இரவுக்கு நாலு கனவோடு எழும்புகிறான். பற்றிக்குக் கடல் முழுக்கப் பெற்றோலாம், வள்ளத்தில் நெருப்புக்குச்சி மட்டும் இல்லையாம். லொறிக்காரன் நஸ்ரிக்குப் பெற்றோல் செட்காரன் தாங்கி நிறையப் பிளேன்டீ அடித்தானாம், அதுவும் சீனி போடாமல். பென்சன் எடுத்த அதிபர் ஒருவர் கணக்குப் பரீட்சைக்குப் போகிறாராம். வாசலில் டோக்கன் கேட்கிறார்களாம். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன் என்றாலும் கனவுக்குப் பலன் சொல்வதில் அந்த அதிபரே எனக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார். எங்களுக்குப் பின்னால் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது என்று சனம் சொல்லும். நான் எண்ணியதில் நூற்றிமூன்று. அவ்வளவு தாங்கியின் நிழலில் இருந்துகொண்டு ஒரு போத்தல் பெற்றோலுக்குக் கனவு காண்கிறோம்.

நஸ்ரி நேற்று ஒரு கனவைச் சொல்லச் சொல்லக் கூட்டிக்கொண்டே போனான். நான் நிறுத்தினேன். "டேய், எதில வேண்டுமெண்டாலும் கூட்டு, கனவில கூட்டாத. காணாத கனவக் கண்டனான் எண்டு சொல்றவன மறுமையில ரெண்டு பார்லி மணியச் சேர்த்து முடிச்சுப் போடச் சொல்லுவாங்க. முடிச்சு விழாது. விழும்வரைக்கும் விடவும் மாட்டாங்க" என்றேன். சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் எனக்குப் பிரம்பால் சொல்லித் தந்தது. நான் எதைக் கூட்டிச் சொன்னாலும் கனவில் ஒரு சொல் கூட்டமாட்டேன். அது உனக்கும் தெரியும்.

எனக்கு நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை. தலை சாய்ந்தால் குறட்டை. என் குறட்டையில் வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது என்று சனம் சொல்கிறது.

பூட்டைத் திற மகள்.

இப்படிக்கு
மாமா


கண்டி
24.06.2022

மாமாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

பூட்டு இப்போதைக்குத் திறக்காது. கடிதத்தை ஸ்பீக்கரில் போட ஏலாது என்பதால்தான் எழுதுகிறேன். இதை அந்த வரிசையில் யாருக்காவது வாசித்துக் காட்டினீர்களென்றால் இனிக் கடிதமும் இல்லை. கல்யாணம் என்று சொன்ன பதினொரு பேருக்கும் என் ஸலாம். அவர்களுடைய மனைவிமாருக்கு நல்ல நித்திரை வருகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

விடுதியிலும் உங்கள் வரிசை மாதிரித்தான். பரீட்சையை இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, வார்டுக்கு நடந்து போய் நடந்து வருகிறோம். உடம்பு களைத்துக் கிடக்கிறது, தலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்டலின் நித்திரையில் பல்லைக் கடிக்கிறாள். எதிர் அறைப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு நாளும் செருப்பில்லாமல் பரீட்சைக்குப் போகிறாளாம். எங்கள் ஆசிரியையிடம் கேட்டோம். "பயமான காலத்தில நித்திரை துண்டு துண்டா உடையும். உடையிற இடத்தில எல்லாம் ஒரு கனவு கையில அகப்படும். முழு நித்திரை கொண்டா அதே கனவு விடியக்குள்ள ஞாபகம் இராது. கனவு கூடல்ல பிள்ளைகள், முழிப்புத்தான் கூடியிருக்கு" என்றா. கேட்க நன்றாக இருந்தது. அன்றும் நித்திரை வரவில்லை.

கெட்ட கனவை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, இடப்பக்கம் மூன்று தரம் துப்பிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று உம்மா பழக்கியிருக்கிறா. மூன்று கிழமை அப்படித்தான் செய்தேன். இருபத்தோராம் திகதி பொறுக்க முடியாமல் மக்டலினை எழுப்பிச் சொல்லிவிட்டேன். ஒரு ஆளுக்குச் சொன்ன பிறகு உங்களுக்கு மறைத்து என்ன பயன்?

கனவு இதுதான். பிரசவ அறை. கரண்ட் போய்விடுகிறது. கட்டிலில் ஒரு தாய். பிள்ளை பிறந்து என் கைக்கு வருகிறது. அழவேண்டும், அழவில்லை. நான் காத்துக்கொண்டு நிற்கிறேன். வெளிச்சமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. அவ்வளவுதான். எழும்பினால் என் கை இரண்டும் ஏந்தினபடி இருக்கிறது.

மக்டலின் எழும்பியிருந்து கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு இந்த வேல சரிவராது போல. உன்ர கையில பிள்ளை அழாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். கனவுக்கு முதல் ஆள் சொல்லும் பலன்தான் பலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவள்தான் முதல் ஆள். சொல்லியாகிவிட்டது. எனக்கு இனி அதை மாற்ற ஏலாது.

அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் எங்கள் கையாலேயே பிறப்புப் பார்க்கத் தொடங்க வேண்டும். இதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததுதான். மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. பயிற்சியிலிருந்து விலகுகிற படிவத்தை வாங்கி நிரப்பி வைத்திருக்கிறேன். யூலை முப்பதாம் திகதிக்கு முன் கொடுத்தால் போதும். உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் பொய்யை அழகாகச் சொல்லக் கூடியவர்.

றிஷானா


சீனக்குடா, வரிசையிலிருந்து
01.07.2022

மகள் றிஷானாவுக்கு,

கடிதத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. பற்றிக் எட்டிப் பார்த்தான், "மனிசிட மருந்துத் துண்டு" என்று சொல்லி மடித்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை இருந்துகொண்டு வாசி. நின்றுகொண்டு வாசிக்காதே.

அந்தக் கனவை, நீ மக்டலினுக்குச் சொல்வதற்கு முன்னமே நானும் கண்டுவிட்டேன்.

ஒன்பதாம் திகதி இரவு. வரிசையில் எனக்கு முதல் இரவு. ஆட்டோவின் பின் சீற்றில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தேன். தலை சாய்ந்தது, குறட்டை வந்தது, குறட்டைக்குப் பின்னால் அந்தக் கனவு வந்தது. இருட்டு அறை, கட்டிலில் ஒரு தாய், பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, அதன் கையில் ஒரு குழந்தை. சத்தமில்லை. நான் திடுக்கிட்டு எழும்பினேன். சுபஹு தொழுதுவிட்டு வந்து குடாவைப் பார்த்துக்கொண்டு நின்று, அந்தக் கனவுக்கு வாய்விட்டுப் பலனும் சொன்னேன். பலன் சொல்ல ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும். இரண்டும் என்னிடம் இருக்கிறது. அதிபர் மாதிரி ஆட்களே என்னிடம் வரும்போது நான் வேறு யாரிடம் போவது?

நான் சொன்ன பலன் இதுதான். "அந்தப் புள்ள அழாதது நித்திரையால. நாடே நித்திரை இல்லாமக் கிடக்கக்குள்ள ஒரு புள்ளைக்கு நித்திரை வந்திருக்கு எண்டா, அது இருக்கிற கை அப்படிப்பட்ட கை."

ஆகவே மகள், வரிசை என்றால் வரிசைதான். நான் ஒன்பதாம் திகதி வந்து நின்றவன். மக்டலின் இருபத்தோராம் திகதி வந்தவள். அவள் எப்படி எனக்கு முன்னால் நுழைவது? நேற்று ஒருவன் புதுக் கார் ஒன்றை மெல்ல மெல்ல முன்னால் சொருகப் பார்த்தான். சனம் அந்தக் காரை அப்படியே கையால் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். உண்மையில் இரண்டு பக்கமும் நான்தான் பிடித்தேன். மக்டலினுடைய பலனையும் அப்படித் தூக்கிக் கடைசியில் வைத்துவிடு. முதல் பலன் என்னுடையது.

இதைக் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இது கனவு. கனவில் நான் கூட்டமாட்டேன்.

படிவத்தைக் கொடுக்காதே. பெற்றோல் இருந்திருந்தால் நேரே வந்து அதை நானே கிழித்திருப்பேன்.

மாமா


கண்டி
08.07.2022

மாமா,

உங்கள் கடிதத்தை இருந்துகொண்டுதான் வாசித்தேன். வாசித்துவிட்டு அப்படியே சாய்ந்தவள், மக்டலின் வந்து எழுப்பும்வரை நாலு மணித்தியாலம் நித்திரை. கனவு இல்லை. அவளே பயந்துபோய் என் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தாளாம்.

அவளிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "என்ன கடைசியில தூக்கி வச்சதா? உன்ர மாமாக்கு நல்ல வாய்" என்று சிரித்தாள். பிறகு என் கட்டிலில் வந்து குந்தினாள். "நானும் நித்திர இல்லாமக் கிடந்து அப்பதான் கண்ணயர்ந்தனான். எழுப்பினதில வந்த எரிச்சலில சொன்னது றிஷா, மனசில வச்சுச் சொல்லல்ல" என்றாள். எனக்குப் பாவமாகிவிட்டது. இரண்டு பேரும் கட்டிலைச் சேர்த்துப் போட்டுக்கொண்டோம். அவள் பல்லைக் கடித்தால் நான் தட்டுவேன். நான் கையை ஏந்தினால் அவள் தட்டுவாள்.

ஆனால் மாமா, எனக்கு உங்களை இன்று நேற்றல்ல, இருபத்து மூன்று வருடமாகத் தெரியும். ஒன்பதாம் திகதி கண்ட கனவைப் பதினாறாம் திகதி எழுதிய கடிதத்தில் ஏன் எழுதவில்லை? பற்றிக்கின் கனவு, நஸ்ரியின் கனவு, அதிபரின் கனவு எல்லாம் எழுதியவர் உங்கள் கனவை விட்டது எப்படி? உங்களை அறிந்தவர்கள் இதை நம்புவார்களா?

இன்னொன்று. கட்டிலில் கிடந்த தாய் யார் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. எனக்கு அந்த முகம் தெரியும். அதே கனவென்றால் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யார் அது?

பதில் வரும்வரை படிவம் மெத்தைக்குக் கீழே இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர பஸ் இல்லை. உம்மாவிடம் எனக்கும் சேர்த்து ஒரு பங்கு வட்டிலப்பம் சாப்பிடுங்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இராது.

றிஷானா


கிண்ணியா
15.07.2022

மகள்,

இரண்டு பங்கு சாப்பிட்டேன். உனக்கு ஒன்று, மக்டலினுக்கு ஒன்று. என்னுடையது தனி.

பதினாறாம் திகதி ஏன் எழுதவில்லை என்று பொலிஸ்காரன் மாதிரிக் கேட்கிறாய். கெட்டது போலத் தெரிகிற கனவை ஊருக்குச் சொல்லலாமா? பலனைச் சொல்லி முடித்து மடித்து வைத்துவிட்டேன். அந்தச் சீருடைப் பிள்ளை நீ என்றும் எனக்கு அப்போது தெரியாது. கனவிலும் கரண்ட் இல்லையே மகள், முகம் எப்படித் தெரியும்? உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

கட்டிலில் கிடந்தது யார் என்று கேட்டாய். இருட்டுக்குள் கால் மட்டும் தெரிந்தது. குதிக்காலில் வெடிப்பு. அந்தக் கால் என் தங்கச்சியின் கால். உன் உம்மா.

சரியா, பிழையா? பிழையென்றால் படிவத்தைக் கொடு. சரியென்றால் கிழி. நான் ஆட்டோவை வரிசையில் விட்டுவிட்டு நடந்து வந்து இதைத் தபாலில் போடுகிறேன். பாலத்தால் நடந்தால் முக்கால் மணித்தியாலம். நான் பதினைந்து நிமிடத்தில் நடந்தேன்.

மாமா


கண்டி
03.09.2022

மாமாவுக்கு,

பூட்டைத் திறந்துவிட்டேன். இரண்டு கிழமையாகத் திறந்துதான் கிடக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. வரிசை முடிந்து பெற்றோலுக்குக் க்யூஆர் அட்டை வந்த பிறகு உங்களுக்கு ரெலிபோனைப் பார்க்க நேரமில்லை என்று மாமி சொன்னா. பரவாயில்லை, இதைக் கடிதத்திலேயே சொல்கிறேன்.

படிவத்தை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே கிழித்தேன். ஓம், அது உம்மாதான். பரீட்சை நல்லபடியாக எழுதினேன். அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

ஆகஸ்ட் பத்தொன்பது, பகல் இரண்டரை மணி. என் கையால் பார்த்த மூன்றாவது பிரசவம். ஆசிரியை பக்கத்தில் நிற்கிறா. தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த தாய், முதல் பிள்ளை. தலை வரும் நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த நிமிடத்துக்குள் பிள்ளை என் கைக்கு வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். அழவில்லை, மாமா. கனவில் மாதிரியே அழவில்லை.

ஆனால் கனவில் நான் கையை ஏந்திக்கொண்டு நின்றுவிடுவேன். இங்கே நிற்கவில்லை. துவாயால் துடைத்து, முதுகைத் தேய்த்து, பாதத்தில் தட்டி, என் கை தானாகச் செய்தது. அந்தத் தாய் தலையைத் தூக்கி, "ஏன் மிஸ் சத்தமே இல்ல? தூங்குதா?" என்று கேட்டா. என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஓம் அக்கா, நித்திரை. இப்ப எழுப்புறன்." சொல்லி முடியவில்லை, பிள்ளை வீறிட்டது. பிறகுதான் லைட் வந்தது. ஆசிரியை என் முதுகில் ஒன்று போட்டா. எனக்கும் ஒரு பிள்ளைக்கு அடித்த மாதிரித்தான் இருந்தது. அதற்குப் பிறகு நானும் கொஞ்சம் அழுதேன்.

உங்கள் பலன் பாடப்புத்தகத்தின்படி முழுப் பிழை. பிறந்து அழாத பிள்ளையை நித்திரை என்று விட்டால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு தாய்க்குச் சொல்ல அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஒழுங்காக நித்திரை கொள்கிறேன். கனவு வந்தாலும் விடிய ஞாபகம் இல்லை.

இனி மற்றக் கதை. போன வெள்ளிக்கிழமை மாமி கதைக்கும்போது வரிசைக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒன்பதாந் திகதி இரவு முழுக்க உன்ர மாமா என்ன நித்திர கொள்ள விடல்ல புள்ள. இஷாவில இருந்து சுபஹுவரைக்கும் போன். புள்ள கண்டியில தனியக் கிடக்குது, ஆட்டோ ஓடாட்டி வீடு என்னாகும், தங்கச்சிக்கு யார் பார்க்கிற எண்டு ஒரே புலம்பல். அந்த மனிசன் ரெண்டு மாசமாக் கண்ணே மூடல்ல. வீட்டுக்கு வந்தாலும் குசினியில போய்க் குந்திக்கொண்டிருப்பார்" என்றா.

இஷாவிலிருந்து சுபஹுவரை ரெலிபோனில் இருந்த மனிதர் அதே இரவில் எப்படிக் குறட்டை விட்டுக் கனவு கண்டார்? மாமியிடம் நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கோபம் இல்லை. கட்டிலில் உம்மா என்பதை மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வரும். பிரித்துப் பாருங்கள். நஸ்ரிக்கு நீங்கள் சொன்னதை நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கள்.

உங்கள்
றிஷானா


கிண்ணியா
12.09.2022

அன்பு மகள் றிஷானாவுக்கு,

நீ நல்ல மருத்துவிச்சியாக வருவாய் என்று நான் முன்பே சொன்னேன். அதை எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பிள்ளை அழுத சத்தத்தில் ஜெனரேட்டர் தானாகவே எடுபட்டது என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் ஓம் என்று சொல். பற்றிக், "அப்ப என்ர தங்கச்சியும் அந்தப் பிரசவத்தில நிண்டவளா?" என்று கேட்டான். பாவம், ஆசையாகக் கேட்டான். நின்றாள் என்று சொல்லிவிட்டேன்.

பார்சலைப் பிரித்தேன். பார்லி. ஒரு கிலோ. மாமி, "புள்ள உங்கட உடம்புச் சூட்டுக்கு அனுப்பியிருக்கு, எவ்வளவு அன்பு" என்று கண் கலங்கினாள். நானும் ஓம் என்றேன். அவளுக்குத் தெரியாமல் இரண்டு மணியை எடுத்து மேசையில் வைத்து நூலால் கட்டிப் பார்த்தேன். பிறகு நூல் இல்லாமல் பார்த்தேன். தண்ணீரில் ஊறப்போட்டு மெத்தையாக்கியும் பார்த்தேன். லுஹரிலிருந்து அஸர்வரைக்கும் இருந்தேன். முடிச்சு விழாது மகள். இந்த உலகத்திலேயே விழவில்லை, அங்கே எப்படி விழும்? அன்றே பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுத் தொழுதேன். மிச்சத்தை மாமி காய்ச்சித் தந்தாள், குடித்தேன். இனி ஒரு மாதத்துக்குக் காலையில் இதுதானாம்.

உம்மாவை எப்படிச் சரியாகச் சொன்னேன் என்று கேட்டாய். இதை உன் உம்மா உனக்குச் சொல்லவே இல்லை. என்னையும் சொல்லவிடவில்லை. நான் சொல்லாமல் வைத்திருந்த கதை வாழ்க்கையில் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் மதிப்புக் கொடுத்து வாசி.

நீ பிறந்த நாள் எங்களுக்குப் பாலம் இல்லை. ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டுபோகிற பாதைப் படகுதான். மஃரிபோடு பாதையை நிறுத்திவிட்டார்கள். அக்கரைக்குப் போக வழியில்லை. கரண்ட் இல்லை. உன் வாப்பா தோணி தேடி ஓடிவிட்டார். நான் வாசலில் நின்றேன். உள்ளே றுக்கியா மருத்துவிச்சி, ஒரு அரிக்கன் லாம்பு. பிள்ளை பிறந்துவிட்டது என்று விளங்கியது, ஏனென்றால் உன் உம்மாவின் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் மற்றச் சத்தம் வரவில்லை. நான் கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். "றுக்கியா ராத்தா, புள்ள ஏன் அழல்ல?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவ கொஞ்சமும் பதறாமல், "நித்திரை தம்பி. சத்தம் போடாத, எழுப்புறன்" என்றா. நான் நம்பி அப்படியே கீழே குந்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ அழுதாய்.

அவ அன்றைக்கு எனக்குப் பொய் சொன்னது எனக்குப் பல வருடத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அதைத்தான் உனக்குப் பலன் என்று எடுத்துத் தந்தேன். என்னுடைய சொந்தச் சரக்கு இல்லை. நீ அதே சொல்லை அந்தத் தோட்டத்துத் தாய்க்குச் சொன்னாய் என்று வாசித்தபோது, எனக்குக் கடிதத்தை மடிக்க முடியவில்லை. மாமி, "என்ன, புள்ளைக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டாள். கண்ணில் பார்லித் தூசி என்றேன். உன் கனவில் உன் உம்மா கிடந்தா என்றால், அங்கே வேறு யார் கிடக்க முடியும் மகள்? அவவுக்காகத்தானே நீ பயந்தாய். நானும் அவவுக்காகத்தான்.

இப்போது நித்திரை வருகிறது. க்யூஆர் வந்த கிழமையே வந்துவிட்டது. நேற்று மத்தியானம் ஆட்டோவுக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்தேன். கனவும் வந்தது. அது உண்மையான கனவு, ஆனால் மூன்று சொல்லில் முடிந்துவிடும்: வரிசை, வெயில், கச்சான்கடலைக்காரன். இதில் ஒன்றும் கூட்டவில்லை, பார்.

நீ வரும்போது சொல். ஆட்டோவோடு பஸ்ஸடிக்கு வருவேன். வரிசையில் நூற்றிமூன்று தாங்கி எண்ணினது உண்மை. காரை இரண்டு பக்கமும் பிடித்தது ஓரளவு உண்மை. பதினைந்து நிமிடத்தில் பாலம் நடந்தது எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கனவை நான் காணவில்லை, மகள். ஒன்பதாம் திகதி இரவு நான் கண்ணே மூடவில்லை.

மாமா ஜவ்பர்